முழங்காலில் எட்டு நாள்

ஆறுதல்புரத்தில் பெரிய ஞானிகள் யாரும் இருந்ததில்லை. ஒரு சிஸ்டர் இருந்தார். தெபொராள் என்று பெயர். பெண்கள் மத்தியில் ஊழியம் செய்ய சபை அனுப்பிய முப்பத்தாறு வயதுக்காரி. அவரிடம் ஒரு சீடப்பெண் இருந்தாள். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று.

சீடப்பெண்ணின் பெயர் பரிபூரணம். மிஷன் பள்ளி விடுதியில் சமையல். நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் அவள் கைதான். விடியற்காலம் மூன்றரைக்கு அடுப்பு மூட்டினால், ராச்சாப்பாடு பரிமாறிப் பாத்திரம் கவிழ்க்கிறவரை உட்கார நேரமிருக்காது. மத்தியானம் மட்டும் இரண்டு மணி நேரம் சாக்குமூட்டையில் சாய்ந்து கண்ணயர்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அவள் சிஸ்டரிடம் வந்தாள்.

"சிஸ்டர், எனக்கு ஜெபம் பண்ணச் சொல்லித் தரணும்."

"இவ்வளவு வருஷமா நீங்க ஜெபம் பண்ணலையா அக்கா?"

"பண்ணுதேன். ஆனா கண்ணை மூடுனா உலை கொதிச்சுட்டான்னுதான் தோணுது."

"சாயங்கால ஜெபத்துக்கு வாங்க. என் பக்கத்துல முழங்கால் போடுங்க."

"அவ்வளவுதானா?"

"இப்போதைக்கு அவ்வளவுதான்."

ஆறுதல்புரம் கோயிலில் தினமும் மாலை ஏழு மணிக்கு மணி அடிக்கும். கீர்த்தனை, வேதபாடம், சபைக் குருவான ஐயரின் ஜெபம் எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மௌன ஜெபம். அவரவர் முழங்கால் போட்டு, முடிந்ததும் சத்தமில்லாமல் எழும்பிப் போகலாம். யார் முதலில் எழும்புகிறார்கள், யார் கடைசியில் எழும்புகிறார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை என்று ஊரில் சொல்லுவார்கள். எல்லோரும் கவனிப்பார்கள்.

பரிபூரணம் முன்னாலிருந்த பெஞ்சின்மேல் கைகளை மடித்து, அதன்மேல் நெற்றியை வைத்து முழங்கால் போட்டாள். ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். அவள் எழும்பவில்லை. சிஸ்டரும் அவளும்தான் மிச்சம். மணியடிக்கிற ஞானாபரணம் வந்து ஜன்னல்களை டபார் டபார் என்று சாத்தியபோது, அவள் "ஆமென்" என்று உரக்கச் சொல்லிவிட்டு எழுந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

ஒருமுறை, மழையில்லாத ஆடி மாதத்தில், அவள் முழங்காலில் இருந்தபடியே ஏதோ முணுமுணுத்தாள். பக்கத்து பெஞ்சுக்காரி காதை நீட்டினாள். "தண்ணியை ஊத்து. இன்னும் ஊத்து" என்று தெளிவாகக் கேட்டது. மூன்றாம் நாள் மழை கொட்டியது. அன்றிலிருந்து பரிபூரணம் ஊருக்கு ஜெபவீராங்கனை ஆனாள். பரீட்சை எழுதுகிறவர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள், பேரன் விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் விடுதிச் சமையலறை வாசலில் வந்து நின்றார்கள்.

ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்று. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நெற்றி கையில் பட்டதும் தூங்கிவிடுவாள். இரண்டு வருடமாக ஒருநாள்கூட 'பரமண்டலங்களிலிருக்கிற' என்ற முதல் வார்த்தையைத் தாண்டியதில்லை. முதல் வாரமே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. பிறகு மழை பெய்துவிட்டது. மழைக்கப்புறம் எப்படிச் சொல்வது?

அப்புறம் அதே சபையைச் சேர்ந்த லீதியாளின் மகளுக்கு உடம்புக்கு வந்தது. பியூலா, ஒன்பது வயது. வயிற்றுவலி என்று இரண்டு நாள் ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். குடல்வால் வெடித்திருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே வயிற்றைத் திறந்தார்கள். புருஷன் பம்பாயில். லீதியாள் ஒற்றை ஆளாகப் பிள்ளையோடு ஆம்புலன்ஸில் ஏறும்போது பரிபூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க முழங்கால்ல நின்னா போதும். எம்பிள்ளை பிழைச்சுக்கிடும்."

பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளும் பரிபூரணம் முழங்கால் போட்டாள். தூங்கக்கூடாது என்று நாக்கைக் கடித்தாள். தொடையைக் கிள்ளினாள். ஒருநாள் கண்ணில் மிளகாய்க் கையை வைத்துத் தேய்த்தாள். எட்டு நாளும் ஞானாபரணத்தின் ஜன்னல்தான் அவளை எழுப்பியது.

பிள்ளை பிழைத்து வீடு வந்தது. லீதியாள் நேரே விடுதிக்கு வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல நான் ஸ்தோத்திரம் சொல்லப்போறேன் அக்கா. நீங்க எம்பக்கத்துல நிக்கணும். இது உங்க ஜெபம்னு நான் ஊரறியச் சொல்லணும்."

பரிபூரணம் அடுப்படிக்குத் திரும்பினாள். அன்று ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம், மணி அடிக்கிறதுக்கு முன்னால், சிஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சிஸ்டர், நான் நாளைக்குக் கோயிலுக்கு வரல."

"ஏன் அக்கா?"

"நான் கள்ளி."

"என்ன எடுத்தீங்க?"

"ஒண்ணும் எடுக்கல. தூங்கிட்டேன்."

சிஸ்டருக்குப் புரியவில்லை. பரிபூரணம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே முழுவதையும் சொன்னாள்.

"ரெண்டு வருஷமுமா?" என்றார் சிஸ்டர்.

"ரெண்டு வருஷமும்."

"அந்த மழை?"

"அது சாம்பார், சிஸ்டர். கட்டியாப் போச்சுன்னு கனாக் கண்டேன்."

சிஸ்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கேன் அக்கா. அரைமணி நேரத்துல நான் நாலு தடவை முழங்கால் மாத்துவேன். நீங்க அசையவே மாட்டீங்க."

"தூங்குதவ எப்படி அசைவா?"

"பியூலாவுக்காக ஒருநாளாவது?"

"ஒருநாளும் முடியல. அந்த வாரம் மத்தியானமும் படுக்கல பாத்துக்கிடுங்க. நெத்தியை வச்சதுதான் தெரியும்."

"மத்தியானம் ஏன் படுக்கல?"

"கொஞ்சம் அலைச்சல்" என்று சொல்லிவிட்டு அவள் மூக்கைச் சிந்தினாள். "அந்தப் பிள்ளை செத்துப் போயிருந்தா, அது என் தலையிலதானே விழும்? இப்ப பிழைச்சிருக்கு. அந்தப் பேரையும் என் தலையிலயே வைக்கா. ஆண்டவரை நான் ஏமாத்திட்டேனா சிஸ்டர்? எனக்கு மன்னிப்பு உண்டா?"

சிஸ்டர் எழுந்து வேதபுத்தகத்தைக் கையில் எடுத்தார். கோயில் மணி அடித்தது.

"நாளைக்கு வாங்க" என்றார்.

"வந்து?"

"எங்கிட்ட சொன்னதை லீதியாள்கிட்ட சொல்லுங்க. அவ எங்கே வச்சு உங்களைப் புகழுறாளோ, அங்கேயே வச்சு."

"ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

"லீதியாள் மனசு உடைஞ்சு போவாளே."

"அது எனக்கும் தெரியல அக்கா. ஆனா உண்மையை அவகிட்ட இருந்து மறைக்க நமக்கு உரிமை இல்லை."

அன்று மாலை ஜெபத்தில் பரிபூரணம் தூங்கவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவை. பயத்தில் தூக்கம் வரவில்லை, ஜெபமும் வரவில்லை.

ஞாயிறன்று கோயில் நிறைந்திருந்தது. அறிவிப்புகள் முடிந்ததும் லீதியாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். பிள்ளை இன்னும் கொஞ்சம் குனிந்துதான் நடந்தது. லீதியாள் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அழுதுவிட்டாள். பிறகு பெண்கள் பக்கம் பார்த்துக் கையை நீட்டினாள்.

"பரிபூரணம் அக்கா, இங்க வாங்க."

பரிபூரணம் எழுந்தாள். சிஸ்டரும் கூடவே எழுந்து நடந்தார். மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். அதைக் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஜெபம் பண்ணல" என்றாள்.

லீதியாள் நீட்டியிருந்த கையை இறக்கினாள்.

"எட்டு நாளும் முழங்கால் போட்டேன். எட்டு நாளும் தூங்கிட்டேன். இன்னைக்கு நேத்துல்ல, ரெண்டு வருஷமா தூங்குதேன். உங்க யாருக்காகவும் நான் ஜெபம் பண்ணல. அந்த மழையும் நான் கேட்டதில்ல. என்னைய மன்னிச்சுருங்க."

ஆண்கள் பக்கமிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஜன்னலைச் சாத்துனாத்தான் ஆமென் வரும். எனக்கு அப்பவே சந்தேகம்" என்றது ஞானாபரணத்தின் குரல். ஐயர் அவனை முறைத்தார்.

பரிபூரணம் லீதியாளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லீதியாள்தான் அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"உங்களுக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா அக்கா?" என்றாள்.

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. முன்வரிசையில் சிரிப்புப் பரவியது.

"தூங்காம என்ன செய்வீக? விடுதியில பந்தி முடிஞ்ச கையோட பஸ் ஏறி, ரெண்டு மணிக்கெல்லாம் தூக்குச்சட்டியோட வந்து நிப்பீக. மூணேகாலுக்குத்தான் போவீக. என் கையில கஞ்சியைக் குடுத்துட்டு, 'நீ கட்டிலுக்கு அடியில படு, நான் பிள்ளையைப் பாத்துக்கிடுதேன்'னு சொன்னது யாரு? எட்டு நாளும் நான் தூங்குனது அந்த ஒரு மணி நேரந்தான். உங்க மத்தியானத் தூக்கத்தை நாந்தானே தூங்குனேன்!"

"அது..." என்றாள் பரிபூரணம்.

"பிள்ளை வாந்தியெடுத்த துணியைச் சுருட்டிப் பையில வச்சுக் கொண்டுபோயி, மறுநாள் வெயில் வாசத்தோட மடிச்சுக் கொண்டாந்தது யாரு? ஊசி போட வந்தா எம்பிள்ளை என்னைய விட்டுட்டு உங்க கையைத்தானே பிடிச்சுக்கிடும்?"

"ஏட்டி, அது சும்மா போயிட்டு வந்தது" என்றாள் பரிபூரணம். அவளுக்கு உண்மையிலேயே எரிச்சலாக இருந்தது. "நான் இங்க ஜெபத்தைப் பத்திப் பேசுதேன். நீ கஞ்சியைப் பத்திப் பேசுத."

இப்போது கோயில் முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் கண்ணையும் துடைத்தார்கள். பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, தானும் மௌன ஜெபத்தில் சீட்டுத் தவணையைத்தான் யோசிப்பதாகச் சொன்னாள். இன்னொருத்தி மருமகளை யோசிப்பதாகச் சொன்னாள். அது எங்கே போய் முடியுமோ என்று பயந்த ஐயர் அவசரமாகக் கீர்த்தனையின் எண்ணை அறிவித்தார்.

சிஸ்டர் தெபொராள் மட்டும் சிரிக்கவில்லை. லீதியாள் பேசத் தொடங்கியதிலிருந்தே அவர் பரிபூரணத்தின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களில் பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன. இரண்டு வருடம் பக்கத்தில் இருந்தும் அவர் அதைக் கவனித்ததில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். யாரும் காறித் துப்பவில்லை. நாலைந்து பெண்கள் வந்து பரிபூரணத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். பியூலா ஓடிவந்து, ஓடக்கூடாது என்று அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பரிபூரணத்துக்கு உடம்பே லேசாகிவிட்டது. இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். வேப்பமரத்து நிழலில் தனியாக நின்ற சிஸ்டரிடம் போனபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது.

"சிஸ்டர், நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. இன்னைக்கு நான் நிம்மதியாச் சாப்பிடுவேன்."

"சந்தோஷம் அக்கா."

"ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"லீதியாள் நல்ல மனசோட பேசுதா. அதை வச்சு நான் தப்பிச்சுக்கிடக் கூடாதுல்லா? இனிமேலாவது முழிச்சிருந்து ஜெபம் பண்ண எனக்குச் சொல்லித் தாங்க. உங்களை மாதிரி."

சிஸ்டர் அவள் கைகளைத் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார்.

"அந்த எட்டு நாளும் உங்க பக்கத்துல நான் முழிச்சுத்தான் இருந்தேன் அக்கா. பியூலாவுக்காக அழுது ஜெபம் பண்ணினேன். டவுன் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."