ஏழடி பிளேடு

வைரவநாதரின் மினி டிராக்டரை ஓட்டியவன் காலனியைச் சேர்ந்த மாடக்கண்ணு. ஒருநாள் அவர் அவனைக் கூப்பிட்டார். "உங்க ஜனம் சுடுகாட்டுக்குப் போற பாதை என் வயலை ரெண்டாப் பிளக்குது. மண்ணைச் சுரண்டி மட்டமாக்குற பாக்ஸ் பிளேடு வாங்கி, பாதையை இல்லாம ஆக்கிடு. முடியாதுன்னா வேலையை விட்டுட்டுப் போ."

மாடக்கண்ணு மறுக்கவில்லை, அவரோடு கடைக்குப் போனான். கடைக்காரர் நாலடி பிளேடைக் காட்டி, "இந்த வண்டி இதைத்தான் தாங்கும்" என்றார். வைரவநாதரும் தலையாட்டினார்.

"நல்ல சாமான்தான் மொதலாளி. உங்க பங்காளியும் இதைத்தான் வச்சிருக்காரு" என்றான் மாடக்கண்ணு.

அவ்வளவுதான், அவர் கை ஏழடி பிளேடுக்குத் தாவியது. அதன்பின் கடைக்காரர் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் ஊரே வேடிக்கை பார்க்க, மாடக்கண்ணு வண்டியின் பின்னால் மாட்டிய பிளேடைப் பாதையில் இறக்கினான். வண்டி உறுமியதே தவிர நகரவில்லை. பிளேடைத் தூக்கினால் முன்சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. கூட்டம் சிரித்தது.

"வேணும்னே பண்றியாடா?" என்றார் வைரவநாதர்.

"பிளேடு நீங்க எடுத்தது மொதலாளி. பாதை நாங்க பொணம் சுமந்து மிதிச்சது. லேசில பேராது."

அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அதன்பிறகு அந்த ஊரில் யாரும் அவனுக்கு வண்டி கொடுக்கவில்லை.

அறுவடை முடிந்ததும் வைரவநாதர் வாடகைக்குப் பெரிய டிராக்டர் பிடித்துவந்தார். அதை ஓட்டியவன் வெளியூர்க்காரன், அவனுக்கு அது வெறும் மண். ஒரு காலைப்பொழுதில் பாதை வயலாகிவிட்டது.

அதற்குள் மாடக்கண்ணுவின் அப்பா மட்டும் அந்த வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தார்.