தீயிலிருந்து எடுத்த அட்டிகை

"கோபத்தை எப்படிம்மா விடுறது?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

உமையாளம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"யார் மேல?"

"மருமக மேல."

சிற்றாற்றங்கரையில் இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு அது. உமையாளம்மாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. செண்பகவல்லிக்கு அறுபத்திரண்டு. ஆறு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் தென்காசியிலிருந்து பஸ் ஏறி வந்து, இவர் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொண்டாள். மௌனமாக இருக்கவும் கற்றுக்கொண்டாள்.

போன வாரம் மட்டும் வரவில்லை. இப்போது பதினோரு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றாள்.

என்ன நடந்தது என்று உமையாளம்மா கேட்டார்.

பேத்திக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். அதற்காக லாக்கரில் இருந்த நகைகளை எடுத்து வந்து, ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார்கள். மருமகள் மதிவதனி விளக்கேற்றிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள். காற்றில் திரைச்சீலை விளக்கில் பட்டு, அலமாரி பிடித்துக்கொண்டது.

செண்பகவல்லி கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது தீ அணைந்திருந்தது. பெட்டி முற்றத்தில் கிடந்தது. எரிந்துகொண்டிருந்த அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்து போட்டு, மதிவதனி அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியிருந்தாள்.

"தீ பிடிச்சதைக்கூட விட்டுருவேன். காத்துக்கு யார் என்ன செய்ய முடியும்? அந்தத் தண்ணியத்தான் என்னால பொறுக்க முடியலை. கொதிக்கிற நகை மேல யாராவது பச்சைத் தண்ணிய ஊத்துவாங்களா? எங்க அம்மா கழுத்துல கிடந்த அட்டிகை."

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"அதைத்தான் சொன்னேன். நாலு தடவை சொன்னேன்."

பிறகு கல் ஏதும் உதிர்ந்திருக்குமோ என்று சாம்பலைச் சல்லடையில் அரிக்க உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலமே மகன் மதிவதனியையும் குழந்தையையும் சங்கரன்கோவிலில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். அவள் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. காது குத்து நின்றுபோனது. மகனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"நகை எங்கே?"

செண்பகவல்லி மடியிலிருந்த பையைக் காட்டினாள். எங்கே போனாலும் கையோடு கொண்டுபோகிறாளாம்.

உமையாளம்மா மொச்சையை ஒதுக்கி வைத்தார். உள்ளே போய், ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் கொண்டுவந்தார்.

"வாங்க, சுத்தம் பண்ணுவோம்."

செண்பகவல்லி துணியை விரித்து நகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நகைகளைப் பார்த்த ஆசாரி சொன்னதையெல்லாம் சொன்னாள். சங்கிலியையும் வளையலையும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, குழந்தைகளுக்குப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்க வேண்டும். முத்து மாலைக்கு ஈரத் துணி மட்டும் போதும். துடைத்த பிறகு அதைத் தொங்கவிட்டால் நூல் தொய்ந்துவிடும். படுக்க வைத்துத்தான் காயவிட வேண்டும். எலுமிச்சையோ புளியோ முத்தின் பக்கமே போகக்கூடாது.

அட்டிகையில் தண்ணீரே படக்கூடாது. கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கிறது. சூட்டில் அது இளகி, கல்லுக்கும் தங்கத்துக்கும் நடுவே வழி விட்டிருக்கிறது. தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய்விட்டது.

"இங்க பாருங்க. இதுவும், இதுவும். மொத்தம் ஆறு கல்லு கறுத்துட்டு. இந்தக் கல்லுல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். வெயில்ல பிடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

உமையாளம்மா வெயிலில் பிடித்துப் பார்த்தார். விரிசல் இருந்தது.

இருவரும் வெகுநேரம் வேலை செய்தார்கள். கிண்ணத்துத் தண்ணீர் கறுத்தது. உமையாளம்மா அதை வாசலில் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் கொண்டுவந்தார். வளையல்கள் பழைய நிறத்துக்கு வந்தன. செண்பகவல்லியின் முகம் மாறவில்லை.

"பெட்டி என்ன மரம்?" என்று உமையாளம்மா கேட்டார்.

"தேக்கு."

"கனமா?"

"நான் ஒத்தையில தூக்க மாட்டேன். ரெண்டு பக்கமும் பித்தளை வளையம் இருக்கும். அதைப் பிடிச்சுத்தான் தூக்கணும்."

"பித்தளையும் கொதிச்சிருக்குமே."

"கொதிச்சிருக்கும்."

"அப்ப அவ எதைப் பிடிச்சுத் தூக்கினா?"

செண்பகவல்லியின் கையிலிருந்த பிரஷ் நின்றது.

உமையாளம்மா முத்துகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

செண்பகவல்லி எழுந்தாள். செருப்பை மாட்டினாள். ரோட்டுக்கு ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. விரித்த துணியில் நகைகள் கிடந்தபடியே கிடந்தன. உமையாளம்மா அவற்றை மூடி முடிந்து, உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

சங்கரன்கோவிலில் சம்பந்தியம்மாள்தான் கதவைத் திறந்தாள். வாங்க என்றாள். வழி விட்டு ஒதுங்கி நின்றாள்.

மதிவதனி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. குழந்தை கீழே விளையாடிக்கொண்டிருந்தது. தூக்கச் சொல்லி அம்மாவிடம் கை நீட்டியது. மதிவதனி குனிந்து தன் கன்னத்தை அதன் தலையில் வைத்து எடுத்தாள்.

செண்பகவல்லி நிலைப்படியிலேயே நின்றாள்.

"உக்காருங்க அத்தை," என்றாள் மதிவதனி.

அவள் முடி முதுகில் கலைந்து கிடந்தது. இரண்டு நாளாகச் சீவாத தலை.

"யார் தலை சீவிவிடுதா?"

"அம்மாதான். ரெண்டு நாளா அவங்களுக்கு இடுப்பு வலி."

செண்பகவல்லி ஜன்னலோரம் கிடந்த சீப்பை எடுத்தாள். கட்டிலில் ஏறி மருமகளின் பின்னால் உட்கார்ந்தாள். முடியை மூன்று பாகமாகப் பிரித்து, நுனியிலிருந்து சீவத் தொடங்கினாள். இழுபடாமல் இருக்க மேலே விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை விளையாட்டை விட்டுவிட்டு இருவரையும் பார்த்தது.

முதல் பாகம் சீவி முடிந்தது. பிறகு மதிவதனி மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"அட்டிகை என்ன ஆச்சு அத்தை? ஆசாரிட்ட காட்டினீங்களா?"

"தலையை ஆட்டாதம்மா. இங்க சிக்கு இருக்கு."