முதல் வாளித் தண்ணீர்

கடலோரத்து ஊர் ஒன்றில் மீன் மார்க்கெட்டாக இருந்த பழைய கூடம் ஒன்று உண்டு. இரும்புத் தூண்கள், ஓட்டுக் கூரை, நான்கு பக்கமும் வாசல். கூரை ஒழுகிச் சுவர் உப்பரித்துப் போனதும் இடித்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. ஊர் விடவில்லை. மீன் விற்பதைப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். கூடத்தைப் பழுது பார்த்து, பாட்டுக்கும் நாடகத்துக்கும் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பதற்கும் பொதுவில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

வேலையை ஏற்றுக்கொண்டவள் வடிவு மேஸ்திரி. நாற்பது வயதுகூட ஆகாதவள். அவளிடம் சீடனாகச் சேர்ந்தவர் சந்தியாகு. அறுபதைத் தொட்டவர், அதே கூடத்தில் மீன் ஏலம் போட்டவர். கூடம் காலியானதும் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சுண்ணாம்பு சுமக்க வந்தார். பிறகு தொழிலையே கற்றுத்தரச் சொல்லிக் கேட்டார். அவளை அவர் மேஸ்திரியம்மா என்பார். அவரை அவள் அண்ணாச்சி என்பாள். பூச்சு சரியில்லை என்றால் அதே அண்ணாச்சியைக் கூப்பிட்டு முழுச் சுவரையும் சுரண்ட வைப்பாள்.

சந்தியாகுவுக்குக் கவலை ஓயாது. மழை பெய்தால் சுவர் காயாதே என்பார். வெயில் அடித்தால் வெடித்துவிடுமே என்பார். அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. நாளைக்கு உள்ளே வருகிறவர்கள் யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டால்? அவருடைய ஆத்தாளும் அக்காளும் உட்கார்ந்து விற்ற இடம் அது. அதைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தாலும் அவருக்குத் தாங்காது.

அதனால் தரையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கருங்கல்லில் முகம் தெரிய ஆரம்பித்தது. அதன்பின் காவலும் ஆரம்பித்தது. எட்டிப் பார்க்க வந்த மீன்காரிகளிடம் செருப்பைக் கழற்று என்றார், காலைக் கழுவு என்றார், ஈரத்தோடு வராதே என்றார். கூடையோடு வந்தவளை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். எல்லாம் பெருமை தாங்காமல் செய்ததுதான். அவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

திறப்பு நாள் வந்தது. சுவர்கள் சங்கு வெள்ளையாக நின்றன. வெளியூர்ப் பெரிய மனிதர்கள் வரும் நேரம். சந்தியாகு சரிகை வேட்டியைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டு நாற்காலிகளை வரிசை பிடித்தார்.

மீன்காரிகள் தலைக்குக் குளித்து, திருவிழாவுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, பூ வைத்து வந்தார்கள். வாசல்வரை வந்து நின்றுவிட்டார்கள்.

அவர் உள்ளே கூப்பிட்டார். ஒருத்தியும் அசையவில்லை.

"இங்கனயே நின்னு பாத்துக்கிடுதோம்டா," என்றாள் அவருடைய அக்காள் பிரகாசி. "உள்ள கால் வைக்கக் கூச்சமா இருக்கு."

கூடம் நமக்குத்தான் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் சந்தியாகு. அந்தப் பேச்சை நம்பித்தான் அவர்கள் கொட்டகைக்குப் போக ஒத்துக்கொண்டார்கள். இன்றைக்கு வெளியே நின்றால் என்றைக்குமே வெளியேதான். கெஞ்சிப் பார்த்தார். கோபித்துப் பார்த்தார். கடைசியில் ஏலக் குரலையே எடுத்தார். ஒரு காலத்தில் அந்தக் குரலுக்கு ஊரே முண்டியடித்துக்கொண்டு வரும்.

"முதல்ல மீனைக் காட்டுடா, வாறோம்," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். கால்கள் மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

அவர் வடிவிடம் போனார்.

"கூரையை அடைக்கக் கத்துக் குடுத்தீங்க மேஸ்திரியம்மா. சுவர் பூசக் கத்துக் குடுத்தீங்க. போன ஆளைத் திருப்பிக் கொண்டுவர என்ன செய்யணும்?"

வடிவு தொட்டியடிக்குப் போய் ஒரு வாளி நிறையத் தண்ணீர் மொண்டாள். கூடத்தின் வடக்கு ஓரத்துக்கு வந்து, பளபளத்த தரையில் அப்படியே கொட்டினாள்.

சந்தியாகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தத் தரை ஓரங்களில் உயர்ந்து, நடுவிலுள்ள வாய்க்காலை நோக்கிச் சாய்ந்திருக்கும். மார்க்கெட் நடந்த காலத்தில், வியாபாரம் முடிந்ததும் ஓரத்தில் இருப்பவள் முதல் வாளியைக் கொட்டுவாள். தண்ணீர் தன் இடத்துக்கு வந்ததும் அவளவள் அதைத் துடைப்பத்தால் அடுத்தவளுக்குத் தள்ளிவிட வேண்டும். கடைசியில் இருப்பவள் வாய்க்காலில் தள்ளுவாள். தன் இடத்தில் தண்ணீரைத் தேங்கவிட்டவள் மறுநாள் பூராவும் ஏச்சுக் கேட்பாள்.

தண்ணீர் இறங்கி வந்து நாற்காலிக் கால்களைச் சுற்றித் தேங்கி நின்றது.

பிரகாசியின் கை தானாகச் சேலையைத் தூக்கிச் செருகியது.

"தண்ணி நிக்கி. எல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு," என்று யாரையோ ஏசிக்கொண்டே உள்ளே இறங்கினாள். ஒரு நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். அவள் பின்னாலேயே இன்னொருத்தி. அவள் பின்னால் எல்லோரும். கொத்துவேலைக்கு வைத்திருந்த துடைப்பங்கள் கைமாறின. துடைப்பம் கிடைக்காதவள் காலால் தள்ளினாள். வடிவு அடுத்த வாளியைக் கொட்டினாள்.

சுவரில் யார் பெயரும் இல்லை. தரையில் ஒரு கோடு இல்லை. ஆனாலும் ஒவ்வொருத்தியும் தான் மீன் விற்ற இடத்திலேயே போய் நின்றாள்.

"ஏட்டி, அது எங்க ஆத்தா இடம். தள்ளு அங்கிட்டு."

"உங்க ஆத்தாளே எங்கிட்ட இரவல் வாங்கின இடந்தான் அது."

ஒருத்தி வலை இழுக்கிற பாட்டை எடுத்துவிட்டாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். புதுப் பூச்சு அந்தக் குரல்களை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. கூடம் அப்படிப் பேசும் என்பது பூசிய சந்தியாகுவுக்கே அதுவரை தெரியாது. அவருக்கு நெஞ்சு விரிந்து, கண் மறைத்தது.

வெளியே கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. உடனே பழைய கவலை வந்து பிடித்துக்கொண்டது.

"பெரிய மனுசங்க வந்துட்டாங்க மேஸ்திரியம்மா. தரை பூராத் தண்ணி. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?"

வடிவு காலி வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"கூடத்துக்காரங்க உள்ள வேலையா இருக்காங்கன்னு சொல்லுங்க அண்ணாச்சி. வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வரட்டும்."