அமைதிப் பலகை பிடித்தவர்

"அந்தப் பெண்ணுக்குக் குணம் சரியில்லை" என்றார் மாசிலாமணி.

"எந்தப் பெண்ணுக்கு சார்?" என்றாள் பிலோமினா.

"ஆதிரைக்குத்தான். வேற யாருக்கு?"

பிலோமினா ஈரத்துணியால் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பலகைக்கும் நீளமான ஒரு கைப்பிடி. எல்லாவற்றிலும் ஒரே சொல்: அமைதி. ஆடுபவர் பந்தை அடிக்கும் நேரத்தில் பார்வையாளர்களின் சத்தத்தை அடக்கத் தூக்கிப் பிடிப்பவை.

அந்த மலையூரின் கோல்ஃப் மைதானத்தில் மறுநாள் இறுதிச் சுற்று. ஆதிரைக்குப் பத்தொன்பது வயது. சென்ற ஆண்டின் சாம்பியன். மாசிலாமணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவளுடைய ரசிகர் மன்றத்துக்குத் தலைவர்.

மாசிலாமணி சட்டைப்பையிலிருந்து ஒரு மனுவை எடுத்துப் பிரித்தார். தேசிய அணியின் தேர்வுக் குழுவுக்கு எழுதியது. 'ஆட்டம் இருக்கிறது, பண்பு இல்லை. இவரை நாட்டின் சார்பில் அனுப்ப வேண்டாம்.' கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள்.

எழுதியது எதிரிகள் இல்லை. ரசிகர் மன்றமேதான்.

தலைவர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. அது இல்லாமல் மனு செல்லாது. நாளை மாலை ஆறு மணிக்குள் மின்னஞ்சலில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் குழு அவள் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயரை எடுத்துக்கொள்ளும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"அப்படி என்ன சார் பண்ணிட்டா?"

"சிரிக்க மாட்டேங்கிறா."

"சரி."

"போன மாசம் சிரிச்சா. தோத்த பொண்ணு பக்கத்துல நிக்கும்போதே சிரிச்சா."

"சரி."

"பேட்டியில 'இன்னைக்கு நான் நல்லா ஆடினேன்'னு சொல்றா. கடவுள் அருள், பெத்தவங்க ஆசி, ஒரு வார்த்தை கிடையாது."

"நல்லா ஆடினாளா?"

"அது வேற விஷயம்மா!"

பிலோமினா துணியைப் பிழிந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஆண்கள் பிரிவில் ஒருவன் மட்டையை முழங்காலில் வைத்து முறித்துக் குளத்தில் வீசினான். 'வெறியோட ஆடுறான் பாரு' என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். மாசிலாமணி வரிசையில் நின்று அவனிடம் ஆட்டோகிராப் வாங்கினார். அது இந்த மனுவில் இல்லை. எந்த மனுவிலும் இருக்காது.

"கையெழுத்துப் போட வேண்டியதுதானே சார்? என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"நான் அநியாயம் பண்ண மாட்டேன்மா. தீர விசாரிக்காம போட மாட்டேன். அவ பத்து வயசுல இங்க ஆட வந்ததுலேருந்து நீதான் பக்கத்துல நிக்கிற. பத்தடி தூரம். அவளை உன்னைவிடக் கிட்டத்துல பார்த்தவங்க யாரும் கிடையாது. நீ சொல்லு. குணம் எப்படி?"

"தெரியாது சார்."

"சும்மா சொல்லும்மா. உன் பேரு வெளியில வராது."

"அவ ஆடி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை சார்."

மாசிலாமணி சிரித்தார். பிலோமினா சிரிக்கவில்லை.

"ஒன்பது வருஷமா நிக்கிறே!"

"முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன் சார். பலகை பிடிக்கிறவங்க கூட்டத்தைப் பார்த்துத்தான் நிக்கணும். சத்தம் போடுறது கூட்டம்தானே, அவ இல்லையே."

"ஒரு தடவை திரும்பிப் பார்த்தா என்ன?"

"திரும்பினா கை இறங்கிரும்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பழைய தலைமையாசிரியர் கனைப்பு.

"சரி விடு. ஆளை எடைபோடுறதுல எனக்கு முப்பது வருஷப் பழக்கம். எத்தனை ஆயிரம் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதியிருக்கேன்! முகத்தைப் பார்த்தாலே போதும்."

"எனக்கும் நீங்கதான் சார் குடுத்தீங்க."

"அட! நம்ம பள்ளிக்கூடமா நீ? என்ன போட்டிருந்தேன்?"

"'திருப்தி'ன்னு."

"எல்லாருக்கும் 'நன்று'ன்னுதானே போடுவேன்?"

"ஆமா சார்."

மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"உனக்கு மட்டும் ஏம்மா அப்படிப் போட்டேன்?"

"பதினேழு வருஷமா நானும் அதைத்தான் யோசிக்கிறேன். நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை சார்."

துடைத்த பலகை ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நாளைக்கு ஓராள் குறையுது. வர்றீங்களா?"

"நானா? பலகை பிடிக்கவா? நான் மன்றத் தலைவர்மா!"

"பத்தடி தூரம் சார்" என்றாள் பிலோமினா.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு மாசிலாமணி, பதினெட்டுக் குழிகளில் முதல் குழிக்கான ஆட்டம் தொடங்கும் இடத்தில் நின்றார். வேட்டியை விட்டுக் கால்சட்டைக்கு மாறியிருந்தார். பலகை நினைத்ததைவிடக் கனத்தது.

முதுகுக்குப் பின்னால் ஆதிரை. கண்ணெதிரே முந்நூறு பேர்.

கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது. பின்னால் காற்றைக் கிழித்து ஒரு சத்தம். முந்நூறு தலைகளும் ஒன்றாக மேலே போய், ஒன்றாகக் கீழே வந்தன.

"நல்ல அடியா?" என்று முன்வரிசையில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

"நீங்கதான் சார் சத்தம் போடக் கூடாது" என்றார் அவர்.

இரண்டாவது குழியில் ஒரு தாய் தன் மகள் தோளைத் தட்டிச் சொன்னாள்: "பார்த்தியா, எவ்வளவு நிதானம்! இவளை மாதிரி இருக்கணும்."

நான்காவது குழியில் அதே தாய் அதே தோளைத் தட்டினாள்: "பார்த்தியா, எவ்வளவு அழுத்தம்! இவளை மாதிரி இருந்திராத."

மகள் இரண்டு தடவையும் தலையாட்டினாள்.

ஆறாவது குழியில் மஃப்ளர் கட்டிய ஒருவர் "கண்ணை மூடிட்டா, பயந்துட்டா" என்றார். அவர் பக்கத்திலிருந்தவர் "பயமா? திமிர். நம்ம மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலை" என்றார். மூன்றாமவர், "தூசி விழுந்திருக்கும்யா" என்றார். மூன்றாமவரை இருவரும் முறைத்தார்கள்.

ஒன்பதாவது குழி முடிந்ததும் மாசிலாமணி வேகமாக நடந்து பிலோமினாவிடம் வந்தார். முகம் பளபளத்தது.

"புரிஞ்சு போச்சும்மா! நீ ஏன் என்னை இங்க நிறுத்தினேன்னு புரிஞ்சு போச்சு. குணம் அவகிட்ட இல்லை, பார்க்கிறவன் கண்ணுல இருக்கு. அதானே?"

"ஓராள் குறைஞ்சதுன்னு நிறுத்தினேன் சார்."

"இல்ல, அதுக்குள்ள ஒரு தத்துவம்..."

"பலகையைத் தூக்குங்க. அவ வந்துட்டா."

*

பதினைந்தாவது குழி.

மற்றவர்களைவிட ஒரே ஓர் அடி குறைவாக அடித்து ஆதிரை முன்னிலையில் இருப்பதாகக் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். மாசிலாமணி பலகையைத் தூக்கினார். பின்னால் மட்டை பந்தில் பட்டது.

முந்நூறு வாய்களும் "ஐயோ" என்றன.

பிறகு தரையில் ஏதோ மோதும் சத்தம். தொப்.

மாசிலாமணியின் தோள்கள் இரண்டும் மேலே ஏறின. கழுத்து விறைத்தது. பலகையைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. திரும்பவில்லை.

எதிரே முகங்கள் மாறிக்கொண்டிருந்தன. முதலில் அதிர்ச்சி. அடுத்து கோபம். கோபத்துக்கு அடியில் இன்னொன்று மெல்ல எட்டிப் பார்த்தது. அதை அவர் ஆசிரியர் அறையில் பலமுறை பார்த்திருக்கிறார். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தவர்களின் சந்தோஷம்.

"மட்டையைத் தூக்கி எறிஞ்சா!"

"எறியலை, தரையில குத்தினா."

"நம்மளைப் பார்த்துத்தான் குத்தினா."

"வீடியோ இருக்கு, வீடியோ இருக்கு!"

பதினாறாவது குழியில் மாசிலாமணி பலகையைத் தூக்கியிருக்கவே வேண்டாம். இருந்தாலும் தூக்கினார். கூட்டம் தானாகவே அமைதியாக இருந்தது. எல்லாத் தலையும் கைப்பேசிக்குள் குனிந்திருந்தது. பதினைந்தாவது குழி அங்கே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால், நீண்ட இடைவெளி. புல்லில் ஏதோ உருண்டது. உருண்டுகொண்டே இருந்தது.

டொக்.

ஒரு தலைகூட நிமிரவில்லை.

*

ஆதிரை ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றாள்.

மாலை ஐந்தரைக்கு மன்றச் செயலாளர் தாமோதரன் மனுவோடும் பேனாவோடும் ஓடி வந்தார். பின்னால் ஐம்பது அறுபது பேர்.

"பார்த்தீங்கல்ல சார்! பத்தடியில நின்னு பார்த்தீங்கல்ல! இனிமே என்ன விசாரணை? போடுங்க."

"நான் பார்க்கலை தாமோதரா."

"என்ன சார் விளையாடுறீங்க? உங்களுக்குப் பின்னாடிதான் நடந்துச்சு."

"பின்னாடிதான்."

"நாங்க முந்நூத்திப் பன்னிரண்டு பேர் பார்த்தோம் சார். அது போதாதா?"

மாசிலாமணி மனுவை வாங்கிக்கொண்டார். பேனாவையும் வாங்கிக்கொண்டார். பலகை இன்னும் அவர் அக்குளில் இருந்தது.

அப்போது ஆதிரை வந்தாள். ஆட்டம் முடிந்ததும் பலகை பிடித்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவது ஆடுகிறவர்களின் வழக்கம். பிலோமினாவின் கையைக் குலுக்கினாள். அடுத்து மாசிலாமணி முன்னால் வந்து நின்றாள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவர் அவள் முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வெயிலில் கறுத்த, களைத்த, சின்ன முகம்.

"ரொம்ப நன்றி சார். ஒண்ணு கேட்கலாமா?"

"கேளும்மா."

"பதினஞ்சாவது குழியில என்மேல ஏன் சார் அவ்வளவு கோவம்?"

"கோவமா? எனக்கா?"

"உங்க முதுகைத்தானே நாள் முழுக்கப் பார்த்துக்கிட்டிருந்தேன். தோள் ரெண்டும் அப்படியே தூக்கிருச்சு. இவருக்கும் நம்மளைப் பிடிக்கலை போலிருக்குன்னு நினைச்சேன்."

மாசிலாமணி தொடையைத் தேய்த்துக்கொண்டார்.

"கட்டெறும்பும்மா."

"சார்?"

"கால்சட்டைக்குள்ள கட்டெறும்பு ஏறிருச்சு. தொடையில கடிச்சுருச்சு. பலகையை இறக்கக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

ஆதிரை சிரித்துவிட்டாள். தோற்ற அன்றைக்கு எப்படிச் சிரிக்கலாம் என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். மாசிலாமணியும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"உனக்கு?"

"எனக்கு என்ன சார்?"

"அந்தப் பதினஞ்சாவது குழியில உனக்கு என்ன ஆச்சு? என்ன கடிச்சுது?"

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். மனுவைப் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊருக்கே தெரியும்; அவளுக்குத் தெரியாதா என்ன?

"எறும்பு எல்லாம் இல்லை சார். எனக்குக் கோவம்தான்."

"கேட்டுக்கோங்க சார்!" என்று தாமோதரன் துள்ளினார். "அவ வாயாலேயே சொல்லிட்டா!"

"யார் மேல கோவம்?"

"அந்த அடி மேல. ரெண்டு மாசமா அந்த ஓர் அடியைத்தான் பழகினேன். தப்பாப் போச்சு. மட்டையைத் தரையில குத்தினேன்."

"இப்படிச் சொல்றவளை நாட்டுக்காக அனுப்பலாமா சார்? மணி அஞ்சு நாற்பது. போடுங்க."

மாசிலாமணி பிலோமினாவைத் திரும்பிப் பார்த்தார். பிலோமினா பலகைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவர் ஆதிரையிடமே திரும்பினார்.

"பதினாறுல ஒரு சத்தம் கேட்டுச்சேம்மா. ஏதோ உருண்டுக்கிட்டே போயி விழுந்த மாதிரி. அது என்ன?"

ஆதிரையின் கண்கள் விரிந்தன.

"உங்களுக்குக் கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு."

"முப்பதடி தூரம் சார். சரிவு வேற. இடப்பக்கம் போயி, வலப்பக்கம் வளைஞ்சு, நேரா உள்ள. என் வாழ்க்கையிலேயே அந்த மாதிரி ஒண்ணு உருட்டினதில்லை." கையால் காற்றில் அந்த வளைவை வரைந்து காட்டினாள். பிறகு கை கீழே இறங்கியது. "யாருமே கைதட்டலை. அதனால உள்ள விழலையோன்னு நினைச்சேன். கிட்டப் போயி எட்டிப் பார்த்தேன் சார். கிடந்துச்சு."

மாசிலாமணி அக்குளிலிருந்த பலகையைப் புல்லில் வைத்தார். மனுவையும் பேனாவையும் தாமோதரனிடம் நீட்டினார்.

"இது போகாது. பிடி."

"சார், நீங்க என்ன பண்றீங்க..."

"பிடிப்பா. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

பிறகு தன்னந்தனியாகக் கைதட்டத் தொடங்கினார்.