பச்சைக் கொடிக்கு நிற்காத பஸ்

இசக்கியப்பன் ஓட்டும் டவுன் பஸ் நேரத்துக்கு வந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. அவனுக்கே இல்லை. தெருமுனையில் யாராவது கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால், அவன் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். "ஆண்டவன் எனக்குப் பிரேக்கை மட்டும் வச்சுப் படைச்சுட்டான்" என்று தன்னையே நொந்துகொள்வான்.

புது மேலாளர் தணிகாசலம் அவனைக் கூப்பிட்டார். "நாளையிலிருந்து எல்லா பஸ்ஸும் நேரத்துக்குப் போகணும். காலை ஒன்பது மணிக்கு உன் வண்டிக்குத்தான் கொடியசைச்சுத் தொடங்கி வைக்கிறேன். எவன் ஓடி வந்தாலும் நிக்காதே. நானே ஓடி வந்தாலும் நிக்காதே. நின்னா, அப்புறம் நீ பஸ் கழுவத்தான் போகணும்."

மறுநாள் மணி ஒன்பது. வாழைமரம் கட்டிய பஸ்ஸில் ஜனம் நிறைந்திருந்தது. மேலாளரைத்தான் காணோம். இசக்கியப்பன் வண்டியை எடுத்துவிட்டான்.

அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கிய தணிகாசலம், பச்சைக் கொடியை ஆட்டி ஆட்டி "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். அடுத்த ஸ்டாப்பில்தான் ஏற முடிந்தது.

"எனக்காக ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கக் கூடாதாய்யா?"

"நேத்து வரைக்கும் அப்படி நின்னுதான் ஐயா லேட்டானேன். அதை ஒழிக்கத்தானே இன்னைக்கு விழா."

பஸ் முழுக்கச் சிரித்தது. அடுத்த தெருமுனையில் ஒரு தடித்த மனிதர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இசக்கியப்பன் கண்ணாடி வழியாக மேலாளரைப் பார்த்தான்.

"நிறுத்துய்யா, பாவம்" என்றார் தணிகாசலம், இன்னும் மூச்சு வாங்கியபடி.

அன்றைக்கும் பஸ் லேட்டுதான்.