முழுத் தொட்டியும் துரைக்கே

ஒரு காட்டில் ஒரு சிங்கம் என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான், குழந்தைகளே. ஆனால் இந்தக் கதை நடந்தது தூத்துக்குடியில், ஒரு பல் ஆஸ்பத்திரியில். கன்னம் வீங்கியவர்கள் காத்திருக்கும் அறையில் அங்கே ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. பெரிய சூட்கேஸ் அளவுதான் இருக்கும். உள்ளே உப்புத் தண்ணீர், கொஞ்சம் மணல், ஒரு பக்கத்தில் பொந்து வைத்த பாறை. மறுபக்கம் வெறும் மணல்தான்.

அந்தத் தொட்டியில் ஒரு நீல மீன் இருந்தது. பெருவிரல் நீளம், வால் மட்டும் மஞ்சள். உடம்புதான் சின்னதே தவிர மிடுக்குக்குக் குறைச்சல் இல்லை. வாசலில் சீட்டு எழுதிக் கொடுக்கும் ஜெசிந்தா அதற்குத் 'தொரை' என்று பேர் வைத்திருந்தாள். நாம் துரை என்றே சொல்வோம்.

துரைக்கு ஒரே குணம்தான். எனது என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை வேறு யாரும் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. பொந்து எனது, பாறை எனது, பாறையின் நிழல் விழுகிற மணலும் எனது. கூட இருந்தது ஒரு நண்டு மட்டும்தான். காலிச் சங்கு ஒன்றுக்குள் குடியிருந்த அந்த நண்டுக்கும் ஒரே குணம். வம்பு வருகிறது என்றால் சங்குக்குள் போய்விடும்.

கண்ணாடிப் பக்கம் போகும்போதெல்லாம் துரைக்கு அங்கே இன்னொரு நீல மீன் தெரியும். துரை முறைத்தால் அதுவும் முறைக்கும். துரை பாய்ந்தால் அதுவும் பாயும்.

"வெளியே போடா" என்று துரை நாள் முழுக்க மூக்கால் கண்ணாடியை முட்டும்.

கண்ணாடியில் தெரிவது தன் உருவம்தான் என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது. ஜெசிந்தாவுக்கோ வேறு மாதிரி தெரிந்தது.

"பாவம் டாக்டரம்மா, ஒத்தையில கெடந்து கண்ணாடியில முட்டிக்கிட்டே கெடக்கான். தொணைக்கு இதே மாதிரி ஒண்ணு வாங்கிப் போடுவமா?" என்றாள்.

பல் பிடுங்கும் அவசரத்தில் இருந்த டாக்டரம்மா, "போடு, போடு" என்றார்.

அப்படித்தான் ஒரு சாயங்காலம் பாலித்தீன் பையில் புதிய மீன் வந்து இறங்கியது. அதே நீலம், அதே மஞ்சள் வால். துரையைவிடக் கொஞ்சம் சின்னது.

துரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவ்வளவு நாள் கண்ணாடிக்குள் இருந்தாய். இப்போது என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாயா?"

புதிய மீனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் கண்ணாடியிலிருந்து வரவில்லை அண்ணா. கடலிலிருந்து வருகிறேன். தீவுக்குத் தெற்கே பார் இருக்கிறதே, அங்கே பூசணிக்காய் போல ஒரு பவளம் உண்டு. அதன் அடியில்தான் நான் இருந்தேன்" என்றது.

கடலுக்கடியில் பவளம் வளர்ந்த மேட்டைத்தான் அந்தப் பக்கத்தில் பார் என்பார்கள். துரை ஒரு நொடி அப்படியே நின்றது. அதுவும் அந்தப் பவளத்தின் அடியில் பிறந்த மீன்தான். வலையில் சிக்கி இங்கே வந்து சேர்ந்த பிறகு அந்த இடத்தின் பேச்சை யாரும் எடுத்ததில்லை.

ஆனால் நின்றது அந்த ஒரு நொடிதான். "அது உன் வீடு என்றால் அங்கேயே இருந்திருக்க வேண்டும். இது என் வீடு" என்று பாய்ந்து அதன் வாலைக் கடித்தது.

அன்றிலிருந்து ஓயாத சண்டை. சின்னத் தொட்டியில் ஓடுவதற்கு எங்கே இடம்? ஒரு துரத்தலில் நண்டின் சங்கே குப்புறக் கவிழ்ந்தது. நண்டு தட்டுத்தடுமாறி நிமிர்ந்தது.

"என் தூக்கம் கெடுகிறது. தொட்டியைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், சண்டை தீர்ந்துவிடும்" என்று சொல்லி, உடைந்த சிப்பிகளை இழுத்து வந்து மணலில் வரப்பு மாதிரி ஒரு கோடு போட்டது. "பாறைப் பக்கம் யாருக்கு, வெறும் பக்கம் யாருக்கு?"

துரை மேலே பார்த்தது. தொட்டியின் மூடியில் ஓர் ஓட்டை உண்டு. ஜெசிந்தா தீனி போடுவது அது வழியாகத்தான். அந்த ஓட்டை வெறும் பக்கத்துக்கு நேர் மேலே இருந்தது. வந்த நாளிலிருந்து ஓடி ஒளிவதிலேயே இருந்த புதிய மீன் அதைக் கவனிக்கவில்லை.

"பொந்தை அவனே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வெறும் பக்கம் போதும். ஆனால் கோட்டை யாரும் தாண்டக்கூடாது" என்றது துரை.

புதிய மீனின் கண் கலங்கியது. "உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் அண்ணா. உனக்குப் பெரிய மனசு" என்றது.

 பொந்து எப்படியும் திரும்பி வந்துவிடும் என்று துரைக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் தீனி விழுந்தது. எல்லாம் துரையின் பக்கம்தான் விழுந்தது. புதிய மீன் கோட்டுக்கு அருகில் வந்து நின்றது.

"எனக்கும் கொஞ்சம் தள்ளிவிடு அண்ணா."

"கோடு என்றால் கோடுதான். சம்மதித்தாயா, இல்லையா?"

புதிய மீன் நண்டைப் பார்த்தது.

"சம்மதித்தது சம்மதித்ததுதான். என்னை இழுக்காதீர்கள்" என்று சொல்லி நண்டு சங்குக்குள் போய்விட்டது. நண்டுக்கென்ன, அதற்குக் கோடு கிடையாது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து பொறுக்கித் தின்னும். துரைமேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த நண்டின்மேலும் உண்டு.

தன் பக்கத்துக் கண்ணாடியில் படிந்திருந்த பாசியைச் சுரண்டித் தின்றே புதிய மீன் சில நாட்களை ஓட்டியது. சனிக்கிழமை ஜெசிந்தா வழக்கம்போலத் தொட்டியைத் துடைத்தாள். பாசியும் போயிற்று.

துடைத்துவிட்டுத் திருப்தியாகப் பார்த்தாள். "சண்டை ஓஞ்சிட்டு பாருங்க டாக்டரம்மா. ஆளுக்கு ஒரு பக்கமா எவ்வளவு ஒத்துமையா இருக்குவ."

அன்று புதிய மீன் கடைசியாக ஒருமுறை கோட்டருகே வந்தது. இந்த முறை தீனி கேட்கவில்லை.

"அண்ணா, நீ எந்தப் பாரிலிருந்து வந்தாய் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. உன் இடது கண்ணோரம் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கிறதே, அப்படிப் பொட்டு வைத்த ஒரு மீனைத் தேடித்தான் அங்கே எல்லோரிடமும் கேட்டு..."

"நிறுத்து. பேச்சும் கோட்டைத் தாண்டக்கூடாது" என்றது துரை.

"சரி அண்ணா. நீ கேட்கும்போது சொல்கிறேன்" என்று புதிய மீன் மெல்ல நீந்திப் பொந்துக்குள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி மூடியிருந்தது. விளக்கு எரியவில்லை. விளக்கு இல்லாததால் கண்ணாடிக்குள் இருக்கும் எதிரியும் வரவில்லை. வேடிக்கை பார்க்கவும் ஆள் இல்லை. துரையால் சும்மா இருக்க முடியவில்லை. யார் என்னைத் தேடிக் கேட்டது? இன்னும் என்னை நினைத்துக்கொண்டிருப்பது யார்? கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

மணலில் முந்தின நாள் தீனி ஒரு துணுக்கு கிடந்தது. துரை அதை வாயில் கவ்விக்கொண்டது. கோடு போட்ட பிறகு துரை அதைத் தாண்டியது அன்றுதான்.

பொந்தின் வாசலில் தீனியை வைத்து, "தம்பி, வா. முதலில் தின்னு. அப்புறம் நிதானமாகச் சொல்" என்றது.

 துரை தலையை உள்ளே நீட்டியது. புதிய மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நீலமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. துரை தீனியை அதன் வாய்க்கு அருகில் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தது. வெகுநேரம் காத்திருந்தது.

நண்டு ஊர்ந்து வந்து எட்டிப் பார்த்தது. "இனிமேல் சண்டை இருக்காது" என்று சொல்லிவிட்டு, அந்தத் தீனியை எடுத்துத் தின்றது.

திங்கட்கிழமை ஜெசிந்தா வலையால் புதிய மீனை எடுத்தாள். "நல்லாத்தானே இருந்துச்சு. என்ன ஆச்சுன்னே தெரியலயே டாக்டரம்மா" என்று மூக்கை உறிஞ்சினாள்.

இப்போது பாறை துரைக்கு, பொந்து துரைக்கு, முழுத் தொட்டியும் துரைக்கு. ஆனால் துரை அந்தப் பொந்துக்குள் போகவே இல்லை.

விளக்கைப் போட்டதும் கண்ணாடியில் அந்த நீல மீன் மறுபடி தெரிந்தது. துரை அதை முட்டவில்லை. மெதுவாகப் பக்கத்தில் போயிற்று.

"தொரை இப்பல்லாம் சாந்தமாயிட்டான்" என்றாள் ஜெசிந்தா.

"தம்பி, என்னைத் தேடிக் கேட்டது யார்? இப்போது நான் கேட்கிறேன், சொல்" என்றது துரை.

கண்ணாடியில் இருந்த மீனும் அதே நேரத்தில் வாயைத் திறந்து எதையோ கேட்டது. துரை பதிலுக்காகக் காத்திருந்தது. அதுவும் காத்திருந்தது.

நீதி: இடம் மட்டும் போதும் என்று இருப்பவருக்குக் கடைசியில் இடம் மட்டுமே மிஞ்சும்.