இரண்டாவது திரை

கத்தியைக் கீழே வைக்க வேண்டிய நாள் வந்தபோது டாக்டர் தாணுமாலயன் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் நல்ல கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர். அந்தக் கையில்தான் நடுக்கம் வந்தது. முதலில் தேநீர்க் கோப்பையில் தெரிந்தது. பிறகு தையலில் தெரிந்தது. தையலில் தெரிந்த அன்றே அறுவை அரங்கை விட்டு வெளியே வந்துவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

வீட்டில் சும்மா இருக்க அவருக்கு வரவில்லை. கை போனால் என்ன, கண் இருக்கிறதே என்று, பிள்ளை வயதுக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேன் படிப்பைப் படித்தார். தேறினார். அதற்கும் பிறகு, மார்பகப் படம் பார்ப்பதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஹெப்சிபாவிடம் வந்து சேர்ந்தார்.

ஹெப்சிபா அவரைவிட வயதில் மிகவும் சின்னவர். ஒரு சிறிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், ஒரே ஒரு திரையின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவர். அவர் சந்தேகம் என்று எழுதிவிட்டால் பெரிய மருத்துவமனைக்காரர்களும் நின்று பார்ப்பார்கள். அவர் வாயிலிருந்து பேச்சு அதிகம் வராது. தாணுமாலயன் அவரை மேடம் என்றார். அவர் இவரை டாக்டர் என்றார். வயது இருவருக்கும் குறுக்கே வரவில்லை.

அந்த அறையில் ஒரு குறை இருந்தது. போன வருடம் எடுத்த படத்தையும் இந்த வருடம் எடுத்ததையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும். திரை ஒன்றுதான். ஒரு படத்தை வைத்து, எடுத்து, மற்றதை வைத்து, மறுபடி முதல் படத்துக்குப் போக வேண்டும். பல வருடம் கேட்டதில் நிர்வாகம் கடைசியாக இறங்கி வந்தது. இன்னொரு திரை வாங்கிக்கொள்ளலாம்.

எதை வாங்கலாம் என்று தாணுமாலயன் கேட்டார். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று ஹெப்சிபா விட்டுவிட்டார்.

தாணுமாலயன் அதை ஓர் அறுவை சிகிச்சையைப் போல எடுத்துக்கொண்டார். கம்பெனிக் கையேடுகளை வரவழைத்தார். வெளிச்சம் எவ்வளவு, புள்ளிகள் எத்தனை, கறுப்பு எவ்வளவு கறுப்பு என்றெல்லாம் படித்தார். தெரிந்தவர்களுக்குப் போன் போட்டார். ஒன்றைவிட ஒன்று மேலாகப் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் அதற்குமேல் கிடையாது என்ற இடத்தில் வந்து நின்றார். அந்தத் திரைதான் வேண்டும் என்றார். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கம்பெனியில் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். எங்கள் ஆள் வந்து பழைய திரையோடு ஒத்துப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பார், அதுவரை வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லியும் இருந்தார்கள்.

தாணுமாலயனுக்குப் பொறுக்கவில்லை. அன்று காலையே பழைய திரையின் பக்கத்தில் வைத்து, அவரே இணைத்தார்.

புதிய திரை எரிந்ததும் அறையே வேறாகிவிட்டது. இத்தனை நாள் குறையே தெரியாத பழைய திரை, பக்கத்தில் மழைக்கால மத்தியானம்போல மங்கிக் கிடந்தது. இதை வைத்துக்கொண்டா இவ்வளவு நாளும் பார்த்தோம் என்று அவருக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

அந்த நேரத்தில்தான் லீதியாளின் படம் வந்தது.

லீதியாள் முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கிறவர். இடது மார்பில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. கெட்டது என்று சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று ஹெப்சிபா சொல்லியிருந்தார். அதற்காக லீதியாள் வந்திருந்தார். தாணுமாலயன் போன வருடப் படத்தைப் பழைய திரையிலும் இந்த வருடப் படத்தைப் புதிய திரையிலும் போட்டார்.

பொட்டு பளிச்சென்று நின்றது. போன வருடம் இல்லாத ஓரங்கள் இந்த வருடம் இருந்தன. அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

ஹெப்சிபா மேலே வார்டுக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் கண்டவுடன் இறங்கிச் செய்தே பழகியவர். வெளியே போனார். பொட்டு வளர்ந்திருக்கிறது, ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று லீதியாளிடம் சொன்னார். இன்றைக்கேவா என்று மட்டும் லீதியாள் கேட்டார். இன்றைக்கே என்றார் இவர். லீதியாள் நடைபாதை பெஞ்சில் பையை மடியில் வைத்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஹெப்சிபா வந்தார். தாணுமாலயன் இரண்டு படங்களையும் காட்டி விவரம் சொன்னார். ஹெப்சிபா நெடுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படங்களை இடம் மாற்றினார். போன வருடப் படம் புதிய திரைக்குப் போனது. இந்த வருடப் படம் பழைய திரைக்கு வந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க, டாக்டர்?"

தாணுமாலயன் பார்த்தார். வாய்க்கு வந்ததை விழுங்கினார்.

"சொல்லுங்க."

"சுருங்கின மாதிரி இருக்கு."

ஹெப்சிபா புதிய திரையை அணைத்தார். பழையதிலேயே இரண்டு படங்களையும் ஒன்று மாற்றி ஒன்று காட்டினார். பொட்டை அளந்தார். ஒரே அளவு. ஓரமும் அதே ஓரம். பிறகு பழையதை அணைத்துவிட்டுப் புதியதில் மட்டும் இரண்டையும் காட்டினார். அதிலும் எந்த மாற்றமும் இல்லை.

"ரெண்டும் பொய் சொல்லல," என்றார். "தனித்தனியாக் கேட்டா ஒண்ணையேதான் சொல்லுது."

தாணுமாலயன் எழுந்தார். "அந்த அம்மாகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

பெஞ்சில் லீதியாளின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். நான் பார்த்தது தப்பு, பொட்டு வளரவில்லை, ஊசி வேண்டாம், அடுத்த வருடம் வந்தால் போதும் என்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தார். லீதியாள் அவர் முகத்தையும் நடுங்கும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனி செய்யதுக்கு ஒண்ணும் இல்லைன்னு மாத்திச் சொல்லுதீங்களா, சாரே?"

இல்லை என்றார்.

"அப்ப முதல்ல சொன்னது?"

"அது என் அவசரம்."

லீதியாள் நம்பவில்லை. வளர்ந்தது என்று சொன்ன வாயும் வளரவில்லை என்று சொன்ன வாயும் ஒரே வாயாக இருந்தால் அவர் எதைப் பிடித்துக்கொள்வார்? மேடம் வந்து சொல்லட்டும் என்றார். ஹெப்சிபா வந்தார். அவர் வாயால் எதுவும் சொல்லாமல் லீதியாளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, பழைய திரை ஒன்றில் மட்டும் இரண்டு வருடப் படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினார். லீதியாள் முன்னால் குனிந்து பார்த்தார். இன்னொரு முறை காட்டச் சொன்னார்.

"ரெண்டும் ஒண்ணு போலல்லா இருக்கு," என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். தாணுமாலயனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் தாணுமாலயன் ஹெப்சிபாவிடம் வந்தார். முகம் இறுகியிருந்தது.

"பழையதைத் தூக்கிப் போட்டுடலாம், மேடம். ரெண்டும் புதுசா வாங்குவோம். நான் நிர்வாகத்துகிட்டப் பேசுறேன்."

"பழையதுல வெளிச்சம் பத்தலையா?"

"அளந்து பாத்தேன். நம்ம வேலைக்குப் போதும்."

"அதுல பாத்து எதையாவது விட்டிருக்கோமா?"

"இல்ல."

"அப்புறம் அது மேல என்ன கோபம்?"

அன்றே தாணுமாலயன் கம்பெனிக்குப் போன் செய்து, அனுப்பிய திரையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். இதைவிட மேலானது எங்களிடம் கிடையாதே என்றார்கள். அதனால்தான் என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்தில் வேலை இல்லை. தாணுமாலயன் காலையிலேயே வந்தார். பழைய திரையின் வயர்களைக் கழற்றினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையில் அதைச் சுற்றினார். அவர் கேட்காமல் இதைச் செய்யவில்லை. முந்தின நாளே ஹெப்சிபாவிடம் கேட்டிருந்தார். கம்பெனிக்காரர்கள் இங்கே கொண்டுவந்து காட்டுவார்களே என்று ஹெப்சிபா சொன்னதற்கு, அவர்கள் கொண்டுவருவது அவர்கள் விற்க நினைப்பதாக இருக்கும், நான் இதைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கதை நடக்கும் என்றார். ஹெப்சிபா சாவியைக் கொடுத்தார்.

திருவனந்தபுரத்தில் கம்பெனியின் கடைக்குக் காரில் போனார். ஓட்டுநர் பின்சீட்டில் வைக்கலாம் என்றதற்கு ஒப்பவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுகக் கை நடுங்கியது. களியக்காவிளை தாண்டி ரோடு குலுங்கிய இடத்தில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

அவருக்காக ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வைத்திருந்தவர்கள், போர்வையைப் பிரித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையையே தூக்கிக்கொண்டு பெண் பார்க்க வந்திருக்கிறாரே என்று ஒருவர் சிரித்தார். தாணுமாலயனும் சிரித்தார். ஆனால் மேஜையை விட்டு நகரவில்லை.

ஒவ்வொரு திரையாகப் பழையதன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். இரண்டிலும் ஒரே படத்தைப் போடச் சொன்னார். ஒன்றின் வெள்ளையில் நீலம் ஓடியது. ஒன்று அகலம் கூடுதல். கண் ஒரு படத்திலிருந்து மற்றதுக்குப் போகும்போது படிக்கட்டில் தடுக்கியதுபோல் தடுக்கியது. ஒன்று எல்லாவற்றிலும் சரியாக இருந்து, வெளிச்சத்தைக் குறைத்தவுடன் கறுப்பு சாம்பலானது. வேண்டாம் என்றார். மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. காட்ட இனி எதுவும் இல்லை என்றபோது, பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

உள்ளே அட்டைப் பெட்டியில் ஒன்று இருந்தது. இப்போது யாரும் கேட்பதில்லை என்றார்கள். அதன் விவரங்களை அவர் கையேட்டில் பார்த்து, முதல் பக்கத்திலேயே தள்ளிவிட்டிருந்தார். பக்கத்தில் வைத்தார்கள். அகலம் அதே அகலம். வெள்ளையும் அதே வெள்ளை. வெளிச்சம்தான் கூடுதல், குறைத்தபோது அடங்கி வந்தது. தாணுமாலயன் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார், ஒரு கண்ணை மூடியும் பார்த்தார்.

"இதைக் கொடுங்க," என்றார்.

திங்கட்கிழமை கம்பெனி ஆள் வந்து, வெளிச்சம் அளக்கும் கருவியை வைத்து இரண்டையும் சரிசெய்தார். அவர் போன பிறகும் தாணுமாலயன் விடவில்லை. உயரத்தைச் சரிபார்த்தார். இரண்டையும் லேசாக உள்பக்கம் திருப்பினார். எழுந்து போவதும் வந்து உட்காருவதுமாக இருந்தார். ஹெப்சிபா தன் வேலையை வேறு மேஜையில் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கடைசியில் ஹெப்சிபா வந்தார். அவரைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். திரைகளைத் தூக்கி இடம் மாற்றினாரா, மாற்றாமலே விட்டாரா என்பது தெரியாதபடி ஓசை எழுப்பினார். விளிம்புகளைக் காகிதத்தால் மறைத்தார். இரண்டிலும் லீதியாளின் படம் ஒன்றையே போட்டார்.

"திரும்புங்க. எது புதுசு?"

தாணுமாலயன் பார்த்தார். பொட்டு இரண்டிலும் ஒரே பொட்டாக இருந்தது. குனிந்தார், நிமிர்ந்தார்.

"தெரியல."

"ஊகமாவாவது?"

"தெரியல, மேடம்."

ஹெப்சிபா காகிதத்தை எடுத்தார். அன்றைக்குக் காத்திருந்த படங்களில் முதலாவதைத் திறந்தார். போன வருடம் இடப்பக்கம், இந்த வருடம் வலப்பக்கம். தாணுமாலயன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். நான்கைந்து படங்கள் போயின. தாணுமாலயனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. புதியதற்குள் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதைப் பாதிக்குக் கீழே இறக்கி வைக்கச் சொன்னது அவர்தான்.

"ஒண்ணு கேக்கலாமா, மேடம்?"

"கேளுங்க."

"என்னைக்காவது ஒருநாள் பழையது நின்னு போகும். அன்னைக்கு இதோட வெளிச்சத்தை முழுசாத் திறந்து விட்டுடலாம், இல்லையா?"

ஹெப்சிபா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு இது பக்கத்துல எது வந்து உக்காருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன், டாக்டர்."